கேள்வியும் கையும்: செவிப்புலனற்றோர் கல்வியில் ஆசிரியர் மாணவராதல்

1

தமிழ்க் கல்வி மரபு செவியை முதன்மைப்படுத்திய மரபாகும். ஆசான் சொல்ல மாணாக்கன் கேட்டு, கேட்டதை உள்ளத்திற் பதித்து, மீளச் சொல்லுதலே நெடுங்காலமாக நம்மிடையே கல்வி எனப்பட்டது. திருக்குறளிலே கல்விக்கென ஓர் அதிகாரம் வகுக்கப்பட்டதோடு அமையாது, கேள்விக்கெனத் தனியே மற்றோர் அதிகாரமும் வகுக்கப்பட்டிருத்தல் இதனை வலியுறுத்தும். திண்ணைப் பள்ளியிலே சட்டம்பியார் முன்னே சொல்லப் பிள்ளைகள் பின்னே சொல்லிய முறையும் இம்மரபின் தொடர்ச்சியேயாகும்.

இத்தகைய மரபிலே செவிப்புலனற்ற பிள்ளைக்குரிய இடம் யாது? நமது வழக்கு மொழி இதற்கு இரு விடைகளைத் தருகின்றது. ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்பது ஒன்று. ‘ஊமை கண்ட கனவு’ என்பது மற்றொன்று. முன்னது குறையினைக் கேளாதவன்மீது சுமத்திவிட்டு, ஊதியவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது. பின்னதோ சற்று வேறுபட்டது. அங்கே கனவு உண்டு, கண்டவனும் உண்டு, அதனை அறிந்துகொள்ளும் வழிதான் பிறரிடம் இல்லை.

இவ்விரண்டினும் நுட்பமான ஒரு பார்வையைக் குறுந்தொகையிற் காணலாம். வெள்ளிவீதியார் பாடிய ஐம்பத்தெட்டாம் செய்யுளிலே, வெயில் காயும் பாறையில் உருகும் வெண்ணெயைக் காவல் செய்யும் ஊமன் ஒருவன் உவமையாக வருகிறான். அவன் ஊமன் மாத்திரமல்லன், கைகளும் இல்லாதவன். ஊமைத்தன்மை ஒன்றே புலவரின் கருத்துக்குப் போதுமாயின் கைகளையும் நீக்கவேண்டிய தேவை அவருக்கு இருந்திராது. கை இருந்திருப்பின் அவன் வெண்ணெயை எடுத்திருப்பான். அல்லது பிறரை அழைத்துக் காட்டியிருப்பான். வாய் பேசாதவனுக்குக் கையே வாய் என்பதனைப் புலவர் உணர்ந்திருந்தமையாலேயே, முழுமையான இயலாமையைக் காட்டக் கையையும் நீக்கினார் எனக் கொள்வது பொருந்தும்.

செவிப்புலனற்றோர் கல்வியின் வரலாற்றை இவ்வுவமையின் துணைகொண்டு நோக்குதல் பயனுடையது. கைகளுடன் பள்ளிக்கு வரும் பிள்ளையைக் கைகளற்றவனாக்கிய கல்வி முறையும் உண்டு. அப்பிள்ளையின் கைகளிடம் சென்று பாடங்கேட்ட ஆசிரியர்களும் உண்டு. பின்னவர் செய்த பணியைப் பொதுவாகக் கருணை, தியாகம் என்னும் சொற்களாற் போற்றுகின்றோம். அச்சொற்கள் போதா என்பதும், அப்பணி அடிப்படையில் ஒரு மொழிப் பிரச்சினை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். ஆசிரியர் சைகை மொழியை எதற்காகக் கற்கிறார்? சொல்வதற்காகவா, கேட்பதற்காகவா? இவ்வினாவையே அளவுகோலாகக் கொண்டு முதலிற் கல்வி வரலாற்றையும், பின்னர் கலைப் படைப்புகள் மூன்றினையும் நோக்குவோம்.

2

இலங்கையிலே செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமான முறைசார் கல்வி 1912ஆம் ஆண்டில் மேரி சப்மன் என்னும் ஆங்கில மிசனரிப் பெண்மணியால் கொழும்பை அடுத்துத் தொடங்கப்பட்டது. அப்பணியே பின்னர் இரத்மலானைப் பாடசாலையாக வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கைதடியில் 1956ஆம் ஆண்டில் நவீல்ட் பாடசாலை நிறுவப்பட்டது. 1956 என்பது இந்நாட்டின் மொழி வரலாற்றிலே நாம் மறக்கவியலாத ஆண்டு. ஒரு மொழியை அரசின் வாயிலிலே நிறுத்திவிட்டால் அம்மொழி பேசுவோர் எதனையெல்லாம் இழப்பர் என்பதை நாடு முழுவதும் விவாதித்த அதே ஆண்டிலே, மொழியே இல்லாதவர் எனக் கருதப்பட்ட பிள்ளைகளுக்காகக் கைதடியில் ஒரு பாடசாலை தோன்றியது.

இத்தகைய பாடசாலைகள் தோன்றிய காலத்திலே உலகெங்கும் ஆட்சி செலுத்தியது வாய்மொழி முறையாகும். 1880ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, செவிப்புலனற்றோர் கல்வியில் சைகைக்கு இடமில்லை என்றும் பேச்சே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்றும் தீர்மானித்தது. வாக்களித்தோர் ஏறக்குறைய அனைவரும் செவிப்புலனுடையோர். அத்தீர்மானத்தின் பின்னர் பல நாடுகளிலே செவிப்புலனற்ற ஆசிரியர்கள் வகுப்பறைகளிலிருந்து விலக்கப்பட்டனர். வகுப்பிலே கையசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். வெள்ளிவீதியாரின் உவமையிற் கற்பனையாக இருந்த ஒன்று இங்கே கல்விக் கொள்கையாயிற்று.

வாய்மொழி முறையின் அடிப்படை, உதட்டசைவைப் பார்த்துச் சொல்லை அறிதலாகும். தமிழைப் பொறுத்தவரை இதன் இடர்ப்பாட்டைப் பிறப்பியல் படித்த மாணவர் எளிதில் உணர்வர். பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பன. ஆகவே ‘படம்’ என்பதும் ‘மடம்’ என்பதும், ‘பணம்’ என்பதும் ‘மணம்’ என்பதும் உதட்டளவில் ஒன்றே. லகர, ளகர, ழகர வேறுபாடு நாவின் தொழிலாதலின் வாய்க்குள்ளே மறைந்துவிடுகிறது. ‘கலை’, ‘களை’, ‘கழை’ என்னும் மூன்றையும் கண்ணாற் பிரித்தறிதல் அரிது. செவியுடைய பிள்ளை தனக்கு ஏற்கெனவே தெரிந்த மொழியின் துணைகொண்டு இவ்வையங்களைத் தீர்த்துக்கொள்ளும். பிறவியிலேயே செவிப்புலனற்ற பிள்ளையோ அம்மொழியைக் கற்பதற்காகவே உதட்டைப் பார்க்கிறது. இது, விடை தெரிந்தவருக்கு மாத்திரமே விளங்கக்கூடிய ஒரு விடுகதையைக் கொண்டு பாடம் நடத்துவதை ஒக்கும்.

வாய்மொழி முறையை முற்றாகப் பழித்தலும் நேர்மையாகாது. சென்னையில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பால வித்யாலயா போன்ற நிறுவனங்கள், மிக இளவயதிலேயே செவித்துணைக் கருவியும் தாயின் இடையறாத உழைப்பும் சேருமிடத்துப் பல பிள்ளைகள் பேச்சை அடைதல் கூடும் எனக் காட்டியுள்ளன. இன்று தமிழ்நாட்டில் அரச காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் உட்செவியிற் பொருத்தும் கருவிகளும் பிள்ளைகளுக்கு வழங்கப்படுகின்றன. எனினும் இவை யாவும் காலத்தே கண்டறிதல், பணம், நகர வாய்ப்பு, தொடர் பயிற்சி என்பவற்றைச் சார்ந்தவை. ஆறு வயதிலோ எட்டு வயதிலோ முதன்முறையாகப் பாடசாலை வாயிலுக்கு வரும் பிள்ளைக்கு இவ்வாதங்களால் ஆவது சிறிதே. பேச்சு வரும்வரை அறிவு காத்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனையே இங்கு ஆட்சேபிக்கத்தக்கது. பேச்சுப் பயிற்சி அன்று.

3

சைகை மொழியைக் கற்க முன்வரும் ஆசிரியருக்குள்ள முதற்றடை அதனை மொழியாக ஏற்றுக்கொள்ளாமையாகும். அதனைச் சிலர் அபிநயத்தின் எளிய வடிவமென்பர். சிலர் தமிழ்ச் சொற்களைக் கையாற் காட்டும் குறுக்குவழியென்பர். இவ்விரண்டும் பிழையானவை. அமெரிக்காவில் கலடெற் கல்லூரியிலே ஆங்கில இலக்கியம் கற்பிக்க 1955ஆம் ஆண்டிற் சென்ற வில்லியம் ஸ்டோக்கி, தம் மாணவர் தமக்குள் உரையாடிய முறையைக் கூர்ந்து நோக்கினார். கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு ஆகிய சிறு கூறுகள் சேர்ந்தே ஒவ்வொரு சைகையும் அமைகின்றதென்றும், ஒரு கூறு மாறினாற் பொருள் மாறும் என்றும் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார். எழுத்து மாறச் சொல் மாறும் என்னும் நமது இலக்கண அடிப்படை அங்கே கையில் நிகழ்கிறது. உடன் பணியாற்றிய பலர் தொடக்கத்தில் அவரது ஆய்வைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் பிற்கால மொழியியல் அவர் வழியையே பின்பற்றியது.

தமிழ் மாணவருக்கு ஆர்வமூட்டக்கூடிய மற்றோர் ஒற்றுமையையும் சுட்டலாம். செல்லுதல், வருதல், தருதல், கொடுத்தல் என்னும் வினைகளைத் தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய இடங்களோடு பொருத்தித் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதி கூறுகின்றார். தருதலும் வருதலும் தன்மை முன்னிலைகளுக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன. அதாவது, வினையின் பொருளிலே ஒரு திசை அடங்கியிருக்கிறது என்பதை அவர் கண்டார். உலகின் பல சைகை மொழிகளிலே இத்திசை கண்முன் நிகழ்வதாகும். ‘கொடு’ என்னும் சைகை கொடுப்பவரின் இடத்திற் புறப்பட்டுப் பெறுபவரின் இடத்திற் சென்று முடியும். யார், யாருக்கு என்பன தனிச் சொற்களாக வரவேண்டியதில்லை. புருவ உயர்வும் முகக்குறிப்பும் வினாவையும் எதிர்மறையையும் உணர்த்தும். பேசும் மொழி ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவதைச் சைகை மொழி ஒரே கணத்தில் ஒருங்கே காட்ட வல்லது.

இதனை உணராத ஆசிரியர் வாயால் தமிழைப் பேசிக்கொண்டே அவ்வரிசையிற் கைகளையும் அசைப்பார். அப்பொழுது தமிழின் விகுதிகள் கையிற் கிட்டா. சைகையின் திசையும் முகக்குறிப்பும் வாய்ப்பேச்சினால் மழுங்கும். பிள்ளைக்கு இரண்டு மொழிகளின் சிதைவுகளே எஞ்சும். இப்பிழை புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பரிஸ் நகரில் டி லெப்பே என்னும் குருவானவர், செவிப்புலனற்ற சகோதரியர் இருவரைச் சந்தித்ததன் பயனாக இத்துறையிற் புகுந்து, தம் மாணவரின் சைகைகளையே கற்று அவர்களுக்குப் பாடசாலை அமைத்தார். அவர் காலத்தில் அது பெரும் புரட்சி. எனினும் மாணவரின் சைகையிலே இலக்கணம் இல்லையென எண்ணிய அவர், பிரெஞ்சு மொழியின் விகுதிகளுக்கெல்லாம் செயற்கைச் சைகைகளை வகுத்துச் சேர்த்தார். அச்செயற்கைச் சைகைகள் காலத்தில் நிலைக்கவில்லை. மாணவரின் சொற்களைக் கற்ற ஆசிரியர் அவர்தம் இலக்கணத்தை நம்ப மறுத்தமையே அங்கு நேர்ந்த குறை.

4

ஆசிரியர் மாணவரின் மொழிக்கு வருதல் என்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிய கருத்தன்று. 1816ஆம் ஆண்டிலே அமெரிக்க மிசனைச் சேர்ந்தோர் குடாநாட்டுக்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கினர். அவர்தம் வழியில் 1847ஆம் ஆண்டு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், தமிழைக் கற்று, கலைச்சொற்களை ஆக்கி, 1864ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவத்தைப் போதித்தார். இன்றும் தாய்மொழிக் கல்வி பற்றிய நமது மேடைகளிலே அவர் பெயர் ஒலிக்கிறது. அவர் நம்மீது இரக்கங்கொண்டார் என்பதற்காக நாம் அவரைப் போற்றவில்லை. உயர் அறிவைத் தாங்கும் ஆற்றல் தமிழுக்கு உண்டு என நம்பிச் செயற்பட்டமைக்காகவே போற்றுகின்றோம்.

அதே 1816ஆம் ஆண்டிலே அமெரிக்கப் போதகரான தோமஸ் கலடெற், பரிஸ் பாடசாலையில் ஆசிரியராகவிருந்த செவிப்புலனற்ற லோரன் கிளேர் என்பவரை அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கடற்பயணத்தின்போது கிளேர் கலடெற்றுக்குச் சைகையைக் கற்பித்தார். கலடெற் கிளேருக்கு ஆங்கிலத்தைக் கற்பித்தார். அடுத்த ஆண்டிலே ஹாட்போட் நகரில் அவர்கள் தொடங்கிய பாடசாலையே அந்நாட்டிற் செவிப்புலனற்றோருக்கான முதலாவது நிலையான பாடசாலையாகும். கிறீன் விடயத்தில் நாம் கற்கும் பாடமும் இவ்விருவரிடமிருந்து பெறும் பாடமும் ஒன்றே: மாணவரின் மொழியைக் கற்பதென்பது அம்மாணவரைச் சமமான அறிவுடையவராக ஏற்றுக்கொள்வதன் முதற்படி.

எனினும் இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. கிறீனுடைய மாணவர் வீட்டிலே தமிழைக் கற்றுக்கொண்டு மானிப்பாய்க்கு வந்தனர். செவிப்புலனற்ற பிள்ளைகளின் நிலை அதுவன்று. அமெரிக்காவிற் செய்யப்பட்ட கணிப்புகளின்படி பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் செவிப்புலனுடைய பெற்றோருக்கே பிறக்கின்றனர். வீட்டிலே அவர்களது மொழி அறிந்தார் இல்லை. பாடசாலையின் விடுதியிலும் விளையாட்டிடத்திலும் மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளை பெறுவதே அவர்கள் முதன்மொழி. நிக்கரகுவா நாட்டிலே 1970களின் இறுதியில் செவிப்புலனற்ற பிள்ளைகள் பாடசாலைகளில் ஒன்றுசேர்க்கப்பட்டபோது, ஆசிரியர் உதட்டசைவைக் கற்பித்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் தமக்குள் ஒரு புதிய சைகை மொழியையே ஆக்கிக்கொண்டனர். 1980களில் அங்கு சென்ற மொழியியலாளர் அதனைப் பதிவு செய்தனர். ஆகவே கைதடி போன்ற ஓரிடம் கல்விச்சாலை மாத்திரமன்று. தாய்வீட்டின் முற்றமும் அதுவே. அங்கு செல்லும் ஆசிரியர் நூலிற் படம் பார்த்துச் சைகை கற்றாற் போதாது. அம்முற்றத்தில் அமர்ந்து, மூத்த மாணவரிடமும் அங்கிருந்து வெளியேறிய வளர்ந்தோரிடமும் கற்றல் வேண்டும்.

5

இனி, கலைப் படைப்புகள் இவ்வுறவை எவ்வாறு சித்திரித்துள்ளன என்பதை நோக்கலாம். வில்லியம் கிப்சனின் ‘அற்புதம் புரிபவர்’ என்னும் நாடகம் 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேடையேறி, 1962இல் திரைப்படமாயிற்று. செவியும் விழியும் இழந்த ஹெலன் கெல்லருக்கு ஆன் சலிவன் 1887ஆம் ஆண்டில் மொழியைக் கற்பித்த வரலாறே அதன் பொருள். நீரிறைக்கும் குழாயடியிலே சிறுமியின் உள்ளங்கையில் எழுதப்பட்ட எழுத்துகள் திடீரெனப் பொருள்பெறும் காட்சி உலகப் புகழ் வாய்ந்தது. ஆயினும் அங்கே கையிலெழுதப்படுவது ஆங்கிலமே. சைகை மொழி அன்று. சலிவன் அக்கையெழுத்தைத் தமக்கு முன்னரே செவியும் விழியும் இழந்து கற்ற லோரா பிரிட்ஜ்மனோடு உரையாடும்பொருட்டுப் பெர்கின்ஸ் நிறுவனத்திற் கற்றவர். ஆசிரியர் கற்றுக்கொண்ட இம்முன்கதை நாடகத்திற் பின்தள்ளப்பட்டு, அவர் அற்புதம் புரிந்த கதையே முன்னிற்கிறது. பிள்ளை முதற்சொல்லை அறிந்ததும் நாடகம் நிறைவுறுகிறது. உரையாடல் தொடங்கவேண்டிய இடத்திலே திரை விழுந்துவிடுகிறது.

மார்க் மெடொவ் எழுதி 1980ஆம் ஆண்டிற் பரிசு பெற்ற ‘சிறிய கடவுளின் பிள்ளைகள்’ இதற்கு எதிர்நிலையிலுள்ளது. அதன் நாயகி சேரா செவிப்புலனற்றவள், பேச மறுப்பவள். ஆசிரியர் ஜேம்ஸ் சைகையில் வல்லவர், அவளை நேசிப்பவர், ஆயினும் அவளைப் பேசவைத்துவிட வேண்டும் என்னும் எண்ணத்தைக் கைவிட முடியாதவர். மேடையில் பிலிஸ் பிரலிச்சும், 1986ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் மார்லி மற்லினும் அப்பாத்திரத்தை ஏற்றனர். இருவரும் செவிப்புலனற்ற கலைஞர்கள். மற்லின் ஒஸ்கார் விருதும் பெற்றார். சைகை கற்றுவிட்டதனாலேயே ஆசிரியர் மாணவரைக் கேட்கத் தொடங்கிவிட்டார் என்று கொள்ள முடியாது என்பதை இப்படைப்புத் துணிவுடன் கூறுகின்றது. அதுவே அதன் தலையாய சிறப்பு. ஆனால் சேராவின் சைகைகளையெல்லாம் ஜேம்ஸ் உரத்துச் சொல்லியே அவையோர் அறிகின்றனர். எந்த ஆதிக்கத்தை நாடகம் கண்டிக்கின்றதோ அதனையே அதன் உத்தி மீளச் செய்கிறது. அவள் கூற்று அவன் குரலிலன்றி நம்மை அடைவதில்லை.

தமிழிலே ராதா மோகன் இயக்கிய ‘மொழி’ (2007) இவ்வகையிற் குறிப்பிடத்தக்க முயற்சியாகும். செவிப்புலனற்ற அர்ச்சனாவை விரும்பும் இசைக் கலைஞன் கார்த்திக் அவளுடைய மொழியைக் கற்கிறான். அவள் குணமாக்கப்படவேண்டியவளாகக் காட்டப்படவில்லை. இரக்கத்தை வெறுக்கும் தன்மானமுள்ளவளாகவே காட்டப்படுகிறாள். கற்கும் பொறுப்பு செவியுடையவனுக்கே உரியது எனப் படம் ஐயமின்றிக் கூறுகிறது. வெகுசனத் திரைப்படமொன்று சைகைக்கு ‘மொழி’ என்னும் தலைப்பையே சூட்டியமை நமது இலக்கண மரபும் செய்யாத ஒன்று. எனினும் அக்கற்றல் ஒரு பெண்ணை அடைவதற்கான காதலின் படியாகவே அமைகிறது. சைகை மொழி பேசும் ஒரு சமூகத்தை நாம் அங்கு சந்திப்பதில்லை. நாயகியாக நடித்தவரும் செவிப்புலனுடையவரே. சொல்வதற்கும் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் படம் அறிந்திருக்கிறது. ஆனால் ஒருத்தியின் அளவிலேயே நின்றுவிடுகிறது.

மூன்று படைப்புகளையும் ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலனாகும். முதலாவதில் ஆசிரியர் தருகிறார். இரண்டாவதில் ஆசிரியர் தோற்கிறார். மூன்றாவதில் காதலன் கற்கிறான். செவிப்புலனற்ற பிள்ளை ஆசிரியருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல, ஆசிரியர் அதனை அறிந்து தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளும் இடம் இவற்றுள் அரிதாகவே வருகின்றது. கலையிற் காணப்படும் இவ்வரிய நிலை வகுப்பறையின் நிலையையும் நமக்குச் சுட்டுகின்றது.

6

இது வெறும் கல்வியியல் நுட்பமன்று என்பதை நமது மண்ணின் அண்மைக்கால வரலாறு உணர்த்தும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் உடனே இடம்பெயரவேண்டுமென ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கப்பட்டது. நாவற்குழி, கைதடி வழியாகத் தென்மராட்சியை நோக்கி இலட்சக்கணக்கானோர் மழையிலே நடந்தனர். போர்க்காலத்திலே உயிர் காத்தது பெரும்பாலும் செவியே. விமானத்தின் இரைச்சலும், எறிகணை புறப்படும் ஒலியும், அயலாரின் கூக்குரலும் கேட்டே மக்கள் பதுங்குகுழிக்கு ஓடினர். எங்கே போகிறோம், ஏன் போகிறோம், எப்பொழுது திரும்புவோம் என்று கேட்பதற்கு மொழி இல்லாத பிள்ளை, தன்னைப் பிடித்த கையின் இழுப்பை மாத்திரமே அறிந்து நடந்திருக்கும். அப்பிள்ளைக்கு அன்று தேவைப்பட்டது இரக்கமன்று. தன் கேள்வியைப் புரிந்துகொண்டு விடை கூறவல்ல ஒருவர். போர் பற்றிய நமது கவிதைகளும் கதைகளும் ஒலிகளால் நிறைந்தவை. ஒலியின்றி அப்போரைக் கண்டவரின் அனுபவத்தைக் கேட்டறிந்து எழுதும் கடமை நமது படைப்பாளிகளுக்கும் உண்டு.

உலக நிலை மாறியுள்ளது. மிலான் தீர்மானங்களை, அதே மாநாட்டு வரிசையில் 2010ஆம் ஆண்டு வன்கூவரிற் கூடியோர் நிராகரித்தனர். 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனம் சைகை மொழிகளை மொழிகளாகவே வரையறுத்து, சைகை மொழியில் தகைமை பெற்ற ஆசிரியரை, மாற்றுத்திறனுடைய ஆசிரியர் உட்பட, நியமிக்குமாறு அரசுகளைப் பணிக்கிறது. இலங்கை அதனை 2016ஆம் ஆண்டில் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆயினும் சாசனம் வகுப்பறைக்குள் வருவது ஆசிரியரின் கைகள் வழியாகவே. அதற்கு வேண்டுவன அரும்பெரும் திட்டங்கள் அல்ல. விசேட கல்வி ஆசிரியரின் பயிற்சியிலே சைகை மொழி சில நாட் பயிலரங்காகவன்றி முழுமையான மொழிப் பாடமாக இடம்பெறல் வேண்டும். அதனைக் கற்பிப்போர் செவிப்புலனற்றவராக இருத்தல் வேண்டும். எழுத்துத் தமிழ் அப்பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழி என்பதை ஏற்று, அதற்கேற்ற பாடநூல்கள் அமைதல் வேண்டும். குடாநாட்டில் வழங்கும் சைகைகளைத் தொகுத்து ஆராய்தல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் மொழியியற்றுறைகளும் மேற்கொள்ளத்தக்க பணியாகும். கிராமங்கள்தோறும் வட்டார வழக்குகளைத் தேடிச் சென்ற நாம், நமது அயலிலேயே வழங்கும் ஒரு மொழியைத் தேடிச் செல்லாதிருத்தல் முறையன்று.

‘கேள்வி’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரு பொருள் உண்டு: செவியாற் கேட்டறிதல் ஒன்று, வினாவுதல் மற்றொன்று. முதலாவது கேள்வி சில பிள்ளைகளுக்கு இயற்கையாலே மறுக்கப்பட்டுள்ளது. இரண்டாவது கேள்வியை மறுப்பது இயற்கையன்று. அப்பிள்ளை கையுயர்த்தி வினவும்போது அவ்வினாவை அறியாது நிற்கும் ஆசிரியரும், அவ்வாசிரியரை ஆயத்தஞ் செய்யாது அனுப்பிய கல்வி முறையும் அதனை மறுக்கின்றன. சைகை மொழியைக் கற்கும் ஆசிரியர் இவ்விரண்டாவது கேள்வியை மாணவருக்கு மீட்டுக் கொடுக்கிறார். கொடுத்தபின், அதற்கு விடை கூறும் பொறுப்பிலிருந்து அவர் தப்ப முடியாது.